பன்னிரண்டு நிமிடத் திராட்சத்தோட்டம்: ஞாயிறு பாடசாலைக்கான விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பற்றி

திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையைப் பிள்ளைகளுக்கு ஓடியாடிக் கற்பிப்பதற்கென்று விற்கப்படும் பெட்டியொன்றைக் கொழும்பிலுள்ள கிறிஸ்தவப் புத்தகக் கடையொன்றின் மூலம் கடந்த ஆனி மாதத்தில் 6,500 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். அதன்பின் திருகோணமலையில் எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளோடு அதை இரண்டு முறை விளையாடிப் பார்த்தாயிற்று. வாங்கலாமா வேண்டாமா என்று அயல் சபைகளிலிருந்து கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் விளக்கிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடுவது மேல் என்று தோன்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டிக்குள் இருக்கும் விளையாட்டு மிக நல்ல விளையாட்டு, பொருட்கள் பரவாயில்லை, கையேடு மட்டும், தான் விளக்க வந்த விளையாட்டைக் கண்டு தானே பயப்படுகிறது.

உவமையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் முதல் 16 வசனங்களில் வரும் கதை இது; மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இல்லை. தோட்டத்து எஜமான் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி என்று திரும்பத் திரும்பப் போய், அங்கே சும்மா நிற்பவர்களையும் அழைத்து வருகிறார். மாலையில் காரியக்காரனைக் கூப்பிட்டு, பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கிக் கூலி கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரு பணம். பகல் முழுவதும் வெயிலில் நின்றவனுக்கும் அதே ஒரு பணம். முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். எஜமான், பேசிய கூலியில் நான் ஒன்றும் குறைக்கவில்லையே, நான் தயாளனாயிருப்பதில் உனக்கென்ன பொறாமை என்ற பொருள்பட ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் எதுவும் பதிவாகவில்லை. கிருபை என்பது சம்பாதித்துப் பெறுவதன்று, கொடுப்பவரின் நன்மையிலிருந்து வருவது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடக் கூர்மையான கதை இல்லை. இதைவிடக் கடினமான கதையும் இல்லை, ஏனென்றால் கேட்கும் பிள்ளை எதுவும் தன்னை அறியாமலே முந்தி வந்தவர்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த உவமையைப் பிளனல் பலகையில் படம் ஒட்டிச் சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்பார்கள், கேள்வி கேட்டால் சரியான விடை சொல்வார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தாலும், அது என் சொல்முறையின் குறை என்றுதான் எண்ணியிருந்தேன். வியர்க்காத ஒருவனுக்கு இந்தக் கதையில் எதுவும் அநியாயமாகத் தோன்றாது என்பதை இந்தப் பெட்டிதான் எனக்குக் காட்டியது.

பெட்டிக்குள் இருப்பவை: ஊதா நிறத்தில் மெத்தென்ற 120 சிறு பந்துகள், இவையே திராட்சைப் பழங்கள், துணியால் தைத்து மடித்து வைக்கக்கூடிய நான்கு கூடைகள், 15 மீட்டர் நீளக் கயிறு, அந்தக் கயிற்றில் கிழக்கிலிருந்து மேற்காக நகர்த்துவதற்கு அட்டையில் வெட்டிய சூரியன், ஐந்து கடிகார அட்டைகள், 40 பிளாஸ்டிக் நாணயங்கள், ஒப்பந்தச் சீட்டுக் கட்டு ஒன்று, மதிப்பெண் பலகை, பொன்னிற அட்டைக் கிரீடம், ஊதுகுழல், 28 பக்கக் கையேடு. பந்துகளின் தரம் நல்லது, பிள்ளைகள் மிதித்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. துணிக் கூடைகள் முதல் நாளே இரண்டு கிழிந்தன. காற்று அடிக்கும்போது வெறுங்கூடை தானாகவே ஓடிவிடுகிறது, எங்கள் ஊரில் வைகாசி தொடங்கி ஆவணி வரையும் கச்சான் காற்று அடிக்கும் என்பதைப் பெட்டி செய்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. சந்தையில் நான்கு பனையோலைக் கடகங்கள் வாங்கி வைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. நாணயங்கள் வெறும் தகடு போல் பாரமற்று இருக்கின்றன. உவமையில் பணம் என்று வருவது உரோமரின் தெனாரியம்; அது ஏறக்குறைய 4 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம். அதே பாரத்தில் ஒரு தகரத் துண்டைத் தந்திருந்தால்கூடப் பிள்ளையின் உள்ளங்கையில் கூலி வாங்கிய உணர்வு வந்திருக்கும்.

விளையாட்டின் அமைப்பு எளிது. பிள்ளைகள் ஐந்து குழுக்களாகப் பிரிகிறார்கள். கயிற்றின் ஒரு முனையில் பழங்கள் கொட்டிக் கிடக்கும், மறுமுனையில் கூடைகள் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். முதற்குழு ஒப்பந்தச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு ஓடத் தொடங்குகிறது. மற்றவர்கள் கடைத்தெரு என்று குறிக்கப்பட்ட இடத்தில் காத்திருக்கிறார்கள். சூரியன் நகர நகர, எஜமானாக நடிக்கும் ஆசிரியர் போய் அடுத்தடுத்த குழுவை அழைத்து வருகிறார். சூரியன் கயிற்றின் முனையைத் தொட்டதும் ஊதுகுழல், அதன்பின் கூலி.

கையேட்டின் கணக்குப்படி ஒவ்வொரு குழுவும் 2 நிமிட இடைவெளியில் சேர்கிறது; ஆகவே குழுக்கள் முறையே 10, 8, 6, 4, 2 நிமிடங்கள் ஓடுகின்றன. பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் இது உவமையின் கணக்கு அன்று. வேதத்தில் சொல்லப்படும் நாள் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையான 12 மணி. மூன்றாம் மணி நம்முடைய காலை 9, பதினோராம் மணி நம்முடைய மாலை 5. ஒரு மணியை ஒரு நிமிடமாக எடுத்துக்கொண்டால் குழுக்கள் 12, 9, 6, 3, 1 நிமிடங்கள் ஓட வேண்டும். இப்படி மாற்றியதும் விளையாட்டின் குணமே மாறிவிட்டது. முன்னே சீராக இறங்கிவந்த படிக்கட்டு கடைசியில் திடீரென்று பள்ளமாகிறது. ஐந்தாம் குழு இரண்டு மூன்று பழங்களைக் கொண்டுபோய்ப் போட்டவுடனேயே ஊதுகுழல் கேட்டுவிடுகிறது. 10க்கும் 2க்கும் இடையில் பிள்ளைகள் ஒருவாறு சமாதானப்படுவார்கள். 12க்கும் 1க்கும் இடையில் எவராலும் சமாதானப்பட முடியாது, படவும் கூடாது.

முதல் முறை 23 பிள்ளைகளோடு, மாலை நான்கரை மணிக்கு டச்பே கடற்கரையில், பிரட்ரிக் கோட்டைப் பக்கமாக நிழல் சாயத் தொடங்கிய நேரத்தில் விளையாடினோம். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பிள்ளைகள் இருந்தார்கள். கையேடு பெரிய பிள்ளைகளை முதற்குழுவிலும் சின்னஞ்சிறுவர்களைக் கடைசிக் குழுவிலும் போடச் சொல்கிறது. அதை நான் கேட்கவில்லை. கிளித்தட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை எவரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளை ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பிள்ளையை இங்கும் நாமே கடைசியில் நிறுத்துவதா என்று எண்ணிச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். தற்செயலாக, ஓட்டத்தில் எப்போதும் முதலிடம் பெறும் பையன் ஒருவன் கடைசிக் குழுவில் விழுந்தான். அதனால் வந்த நன்மையைப் பின்னால் சொல்கிறேன்.

மணலில் 12 நிமிடம் ஓடுவது விளையாட்டன்று. முதற்குழுவின் ஐந்து பேரும் எட்டாம் நிமிடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இடையில் தண்ணீர் கொடுத்தோம். கொடுக்க வேண்டியதும் கட்டாயம், அதைக் கையேடு எங்கும் குறிப்பிடவில்லை. ஊதுகுழல் ஒலித்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பிந்தியவர்களிலிருந்து கூலி கொடுத்தேன். இந்த ஒழுங்கில்தான் பெட்டியின் அருமை இருக்கிறது; இதைக் கையேடும் தடித்த எழுத்தில் வலியுறுத்துகிறது, அதற்காக அதை எழுதியவரைப் பாராட்டுகிறேன். முந்தியவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் தங்கள் நாணயத்தோடு மகிழ்ச்சியாகப் போயிருப்பார்கள், கதையும் இருந்திருக்காது. பிந்தியவர்களுக்கு ஒரு முழு நாணயம் போவதைக் கண்டவுடன் முதற்குழுவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியதை நான் கண்ணாரக் கண்டேன். "எங்களுக்குப் பன்னிரண்டு வரும்" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் கிசுகிசுத்தாள். அவளுடைய கையில் ஒரே ஒரு நாணயத்தை வைத்தபோது எழுந்த சத்தம் கோட்டை வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"சேர், இது அநியாயம்! நாங்கள் முதல்ல இருந்து ஓடினனாங்கள்!"

"அவன் ரெண்டு பந்துதான் சேர் போட்டவன்!"

பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே என்று வேதத்தில் வேலையாட்கள் சொல்வதை, வேதத்தைத் திறக்காமலே பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லிவிட்டார்கள். பிளனல் பலகையால் இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட இதைச் செய்ய முடியவில்லை.

இனிக் கையேட்டுக்கு வருகிறேன், என் மனக்குறை அங்கேதான். பிள்ளைகள் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியது என்னவென்று கையேடு மூன்று படிகளில் சொல்கிறது: உடனே எல்லோருக்கும் ரொபி கொடுத்து அமைதிப்படுத்த வேண்டும், பொறாமை பாவம் என்ற வசனத்தைச் சேர்ந்து வாசிக்க வேண்டும், முதற்குழுவினர் கடைசிக் குழுவினரிடம் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டு, எல்லோரும் சேர்ந்து நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். உவமையில் மன்னிப்புக் கேட்டவர் எவரும் இல்லை. அது ஒரு கேள்வியோடு நின்றுபோகும் கதை. அந்தக் கேள்விக்குக் கேட்டவர் தாமாகவே பதில் தேட வேண்டும் என்பதற்காகவே அப்படி நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளை உடம்பால் உணர்ந்து எழுப்பிய உண்மையான ஒரு முறைப்பாட்டை இனிப்புக் கொடுத்து மூடிவிட்டால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது கோயிலில் கோபப்படக் கூடாது என்பதை மட்டும்தான். நான் ரொபிப் பொட்டலத்தைத் திறக்கவில்லை. மணலில் வட்டமாக உட்காரச் சொல்லி, முதற்குழுவின் ஒப்பந்தச் சீட்டை அவர்களையே சத்தமாக வாசிக்க வைத்தேன்.

அந்தச் சீட்டு இந்தப் பெட்டியில் உள்ளவற்றுள் ஆகச் சிறந்த பொருள். "இன்றைய வேலைக்கு ஒரு பணம்" என்று ஒரே வரி, கீழே கையெழுத்து. மற்ற குழுக்களுக்குச் சீட்டு இல்லை. அவர்களிடம் எஜமான், நியாயமானபடி தருவேன் என்று வாயால் மட்டுமே சொல்லியிருப்பார். தங்கள் கையெழுத்தைத் தாங்களே பார்த்ததும் முதற்குழுவின் குரல் இறங்கியது. ஏமாற்றப்படவில்லை என்பது அவர்களுக்கு விளங்கியது. ஆனாலும் மனம் ஆறவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட எளிதாக ஒப்புக்கொள்கிறார்கள்.

கையேட்டின் இன்னொரு பெரிய பிழை, காத்திருப்பவர்களைப் பற்றியது. கடைத்தெருவில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சலிக்காமல் இருக்க நிறந்தீட்டும் தாள் கொடுத்து நிழலில் உட்காரவைக்கும்படி அது சொல்கிறது. அப்படிச் செய்தால் அவர்கள் இளைப்பாறி வந்து கூலி வாங்கியவர்களாகிவிடுவார்கள், முதற்குழுவின் கோபத்துக்கு முழு நியாயமும் கிடைத்துவிடும். உவமையில் எஜமான், நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன என்று கேட்கும்போது அவர்கள் சொல்வது ஒரே பதில்: ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆகையால் நான் தாள்களை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களை நின்றபடியே நிற்க வைத்தேன். ஒவ்வொரு முறை எஜமான் வரும்போதும் கையை உயர்த்த வேண்டும், அழைக்கப்படாதவர்கள் கையை இறக்க வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்தேன். வட்டத்தில் உட்கார்ந்தபோது கடைசிக் குழுவிலிருந்த அந்த ஓட்டக்காரப் பையனிடம், நின்றது எப்படியிருந்தது என்று கேட்டேன். "மூன்று தரம் கையைத் தூக்கினன் சேர். இனி என்னைக் கூப்பிட மாட்டாங்கள் எண்டு நினைச்சன்" என்றான். எப்போதும் முதலில் தெரிவு செய்யப்படும் பிள்ளை அது. கூட்டத்தில் கடைசியாகத் தெரிவாகும் பிள்ளை அவனை ஏறிட்டுப் பார்த்தது. அதற்குமேல் நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

நாணயத்துக்கு ஒரு பெறுமதி இல்லாமல் இருப்பதும் பெட்டியின் குறைதான். கையேட்டின்படி அது வெறும் நினைவுப் பொருள், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு பணம் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியத் தேவைப்பட்டது. அன்றன்றைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் ஏழை, அதன்மேல் மனதை வைத்திருக்கிறான் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுவதும் அதனால்தான். நான் ஒரு நாணயத்துக்கு ஒரு பணிஸும் ஒரு குவளை தேசிக்காய்ச் சாறும் என்று அறிவித்திருந்தேன். எங்கள் வகுப்பில் தகப்பன் நாட்கூலிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. வேலை கிடைக்காத நாள் எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்த வேலைக்கு ஏற்பக் கொடுத்தால் கடைசிக் குழுவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டபோது, கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை, "பன்னிரண்டில ஒரு பங்கு பணிஸ்" என்றாள். அதை எப்படிச் சாப்பிடுவது என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எஜமானின் பக்கத்தைப் பார்க்க முதல் கதவு திறந்தது. பணிஸ் வாங்குவதற்கு 23 பேருக்கும் ஏற்பட்ட செலவைப் பெட்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கரையோரத்துப் பிள்ளை ஒருவன், கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையைப் பேச்சுக்குள் கொண்டுவந்தான். வலை கரை சேரும் நேரத்தில் வந்து கயிற்றைப் பிடிப்பவனுக்கும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கறிக்கு மீன் கொடுப்பார், அதுபோலத்தானா இதுவும் என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அங்கே கறிக்குத்தான் மீன், பங்கு அல்ல. விடியவிலிருந்து நின்றவனுக்குப் பங்கு, பிந்தி வந்தவனுக்குக் கறி. உவமையின் எஜமான் கறிக்குக் கொடுத்தனுப்பியிருந்தால் ஒருவரும் முறுமுறுத்திருக்க மாட்டார்கள், எஜமான் இரக்கமுள்ளவர் என்று எல்லோரும் புகழ்ந்திருப்பார்கள். அவர் பங்கையே கொடுத்ததுதான் பிரச்சினை. இந்த வேறுபாட்டை நான் அந்தப் பையனிடமிருந்துதான் பெற்றேன். கையேட்டின் 28 பக்கங்களிலும் அது இல்லை.

மதிப்பெண் பலகையையும் கிரீடத்தையும் பற்றி ஒரு வார்த்தை. அதிகப் பழம் சேர்த்த குழுவுக்குக் கிரீடம் சூட்ட வேண்டும் என்று கையேட்டின் இறுதிப் பக்கம் சொல்கிறது. கிருபையைக் கற்பித்துவிட்டு வெற்றியாளனுக்கு முடிசூட்டுவது எந்த வேதபாடத்தில் சேர்ந்தது என்று விளங்கவில்லை. அச்சகத்தில் வேறு பெட்டியின் பக்கம் இதில் புகுந்துவிட்டதோ என்றுகூட ஐயுற்றேன். ஆனால் பலகையை எறிந்துவிட வேண்டாம். யார் எத்தனை பழம் போட்டார்கள் என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்திருந்தால்தான் கூலி கொடுக்கும்போது முறைப்பாடு கூர்மையாக வரும். கிரீடத்தை மட்டும் நத்தார் நாடகத்து ஞானிகளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வாசிக்கக்கூடியது, ஆனால் இங்கத்தைய பிள்ளைகளுக்கு அங்கங்கே சொற்களை மாற்றிச் சொல்ல வேண்டும். திராட்சை வேதத்தில் வாசித்துப் பழகிய சொல் என்பதால் சிக்கல் இல்லை. பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்த ஒருத்தி மட்டும், எங்கள் வீட்டில் இதற்கு முந்திரிகைப் பழம் என்று பெயர் என்றாள். வேதவசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. பாலையூற்றில் மறைக்கல்வி கற்பிக்கும் கத்தோலிக்க நண்பர் இதைப் பார்க்க வந்தபோது ஒரு நுட்பமான இடத்தைக் காட்டினார். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் பதினோராம் மணிக்காரர்களிடமும் எஜமான், நியாயமானபடி கூலி பெற்றுக்கொள்வீர்கள் என்று சொல்கிறார். அவர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் அந்த வாக்கு இல்லை, நீங்களும் போங்கள் என்பது மட்டுமே உண்டு. மூலப் படிகளுக்கிடையில் உள்ள வேறுபாடு இது. விளையாட்டுக்கு அவருடைய வாசகமே பொருத்தமானது என்பது என் எண்ணம்: கூலியைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல், ஒரு நிமிடத்துக்காக ஓடிப்போன குழுவின் கையில் ஒரு முழு நாணயம் விழும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இந்தப் பகுதி மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் முதலாம் ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறுக்குரிய நற்செய்தியாக வருவதால், அந்த ஞாயிறுக்குப் பெட்டியைத் தரும்படி கேட்டார். அவர்கள் பிள்ளைகளுக்குப் பணம் என்பதைத் தெனாரியம் என்றும், கிருபை என்பதை அருள் என்றும் மாற்றிக்கொண்டால் போதும், மற்றபடி ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை.

வாங்குவோர் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டிய குறை ஒன்றை இரண்டாம் முறை விளையாடியபோது கண்டுகொண்டேன். இரு வாரங்களின் பின் பிள்ளைகளே கேட்டதால் மறுபடியும் கயிற்றைக் கட்டினோம். இம்முறை எல்லோருக்கும் கடைசிக் குழுவில் இடம் வேண்டும். சீட்டில் முதற்குழு விழுந்தவர்கள் நடந்து போனார்கள். பழத்தை உருட்டிக்கொண்டு போனவனும் உண்டு. "எப்பிடியும் ஒண்டுதானே சேர் தருவீங்கள்" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதன்பின் சிரிப்பு வந்தது, ஏனென்றால் கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் எடுத்துக்கொள்ளும் அதே கேள்வியை இந்தப் பிள்ளைகள் கால்களால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது நல்லதொரு அடுத்த பாடமாக அமைந்தது. சின்னவர்களுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை, பணிஸைத் தவிர. கையேடு இந்த நிலையை எதிர்பார்க்கவே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை விளையாடலாம் என்று மேலட்டையில் அச்சிட்டிருப்பது விற்பனைக்காகச் சொன்னது. உண்மையில் இது ஒரு கூட்டப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு முறை மட்டும் பலிக்கும் விளையாட்டு. அதனால் தனியொரு சபை 6,500 ரூபாய் கொடுத்து இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று நான்கு சபைகள் சேர்ந்து வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தினால் கொடுத்த பணத்துக்கு மேலாகவே பெறுமதி உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளில் புதுப் பிள்ளைகள் வந்தபின் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குவோர்க்கு இன்னும் சில குறிப்புகள். 20 நிமிடத்தில் முடியும் என்று மேலட்டை சொல்கிறது. ஓட்டத்துக்கு 12 நிமிடம், வட்டத்தில் பேசுவதற்கு அரை மணிக்குமேல், ஆயத்தமும் துப்புரவும் சேர்த்து ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். பேச்சுக்குரிய நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பெட்டியை வாங்காமல் விடுவதே நல்லது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம், அவர்கள் அழுகிறார்கள், அழுகைக்குக் காரணமும் நியாயமானதே. எஜமானாக ஒருவரும் கூலி கொடுக்கும் காரியக்காரனாக இன்னொருவரும் வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் முறைப்பாட்டைக் கேட்க முகம் இருக்காது. வெயில் தாழ்ந்த பிறகே தொடங்க வேண்டும், மணலைவிடக் கோயில் முற்றம் கால்களுக்கு நல்லது.

கடற்கரையில்தான் விளையாடுவோம் என்பவர்கள், தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் பந்துகளை எண்ண வேண்டும். எங்கள் நகரத்து மான்கள் கண்டதையும் வாயில் வைப்பவை. முதல் நாள் நாங்கள் வட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது புள்ளிமான் ஒன்று வந்து கூடையை முகர்ந்து நின்றதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டு விரட்டினார்கள். அன்று 120 பந்துகளில் 117 திரும்பக் கிடைத்தன. ஒன்றைப் பிற்பாடு ஒரு பையனின் காற்சட்டைப் பையிலிருந்து அவனுடைய தாயார் எடுத்து அனுப்பினார், இன்னொன்று கயிற்றுச் சுருளுக்குள் கிடந்தது. மற்றொன்றைத் தேடி மறுநாள் காலை வெயிலேறும்வரை கரை நெடுக நடந்தேன், கிடைக்கவில்லை. பெட்டி இப்போது பாலையூற்றில் இருக்கிறது. 119 என்று மூடியின் உட்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.